முந்நூற்று நாற்பது குரூப்

ஜூலை 7, திங்கள்

ஃபேக்டரியிலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. சிந்தாமணி அக்கா கண்ணாடியைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் தேடிவிட்டு என்னிடம் நீட்டினார். கண்ணாடி அவர் தலையில்தான் இருந்தது.

நான் பிளஸ் ஒன் பாதியில் நின்றவள். ஆனாலும் எங்கள் ஆபீஸில் ஆங்கிலத்துக்கு நான்தான். மற்ற நாலு பேரும் டிரைவர்கள்.

கடிதத்தில் இருந்தது இதுதான்: செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து ஃபேக்டரிக்கு வருகிற விருந்தாளிகளுக்கு வண்டி, ரூம், சாப்பாடு எல்லாம் பெங்களூர் கம்பெனி ஒன்றின் ஆப் வழியாகத்தான். இத்தனை நாள் ஒத்துழைத்ததற்கு நன்றி.

நான் படித்து முடித்ததும் அக்கா, "கடைசி வரிய மட்டும் இன்னொரு வாட்டி படி" என்றார். நன்றி என்று படித்தேன். "நன்றி வேற சொல்றானுங்களா" என்றார்.

அரியலூர் பக்கத்து சிமெண்ட் ஃபேக்டரிக்கு வருகிற இன்ஜினியர்களையும் ஆடிட்டர்களையும் ரயிலடியில் இறக்கி ஏற்றுவதுதான் சிந்தாமணி டிராவல்ஸின் பாதிக்கு மேல் வேலை. மீதி கல்யாணம், காதுகுத்து, கோயில். ஃபேக்டரி போனால் ரெண்டு வண்டியை விற்றுவிட்டு மீதி ரெண்டை வீட்டு வாசலிலிருந்தே ஓட்டிக்கொள்வாராம். "பஸ் ஸ்டாண்டு மாடியில ஆபீஸ் எதுக்குடி?" என்று என்னையே கேட்கிறார்.

ஆபீஸே எதற்கு என்றால் நான் எதற்கு?

ஜூலை 8, செவ்வாய்

அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அம்மா சத்தமே போடவில்லை. வைரக்கண்ணு மாமாவுக்குப் போன் போட்டாள், அவ்வளவுதான். அவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பெண்பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறவர். மூன்று வருஷம், ஹாஸ்டல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன்.

"செப்டம்பர்ல ஒரு வேன் போவுதாம். ஆபீஸ் இருந்தா இரு. மூடிட்டாங்கன்னா ஏறிடு" என்றாள். அப்பா இடுப்பு ஒடிந்து படுத்ததிலிருந்து அம்மா இப்படித்தான். ஒரு முடிவுக்கு ஒரு வரி.

அந்த வேனில் நாற்பது பேர் இருப்பார்களே, நாற்பது பேரிடம் பெயர் சொல்ல வேண்டுமே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. மூணு வருஷம் என்பதே அப்புறம்தான் தோன்றியது. நான் ஒரு லூசு.

ஜூலை 11, வெள்ளி

அக்கா மூன்றாவது தடவையாக ஃபேக்டரி கேட்டுக்குப் போய்விட்டு வந்தார். ஆப் விஷயத்தைப் பார்க்கிற நிர்வாக அதிகாரி முத்தமிழ்செல்வன் சாரைப் பார்க்க வேண்டும். கேட்டில் செக்யூரிட்டி, "மெயில் போடுங்க" என்கிறாராம். போட்ட மெயிலுக்குப் பதில் இல்லை.

டிரைவர் அமாவாசை அண்ணன்தான் துப்பு கொண்டுவந்தார். சார் இருபத்துநாலு, இருபத்தஞ்சு ரெண்டு நாளும் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் இருப்பாராம்.

"கம்பெனி ஆளுங்க வெளியூர் போறாங்க இல்ல, கூட்டம் போடுறாங்க இல்ல? அத ஏற்பாடு பண்றவங்களுக்கெல்லாம் ஒரு மாநாடாம் பாப்பா."

"அதத்தானடா நான் இருவது வருசமா பண்றேன்? என்னை எவன் கூப்பிட்டான்?" என்றார் அக்கா. அப்புறம் என்னைப் பார்த்தார். "அரசி, அதுல எப்படிச் சேர்றதுன்னு போன்ல பாரு."

ஜூலை 12, சனி

பார்த்தேன். மாநாட்டுக்கு ரெண்டு வழி. விற்கிறவராகப் போனால் பணம் கட்ட வேண்டும். அது எங்களால் ஆகாது. வாங்குகிறவராகப் போனால் ரூம், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு.

"நாம என்ன வாங்குறோம்க்கா?" என்று கேட்டேன்.

"ஏன், டீசல் வாங்கல? டயர் வாங்கல? கெஸ்ட்டுக்கு ரூம் நாமதான எடுத்துக் குடுக்குறோம்? வாங்குறவங்கன்னு போடு."

போட்டேன். அடுத்து ஒரு கேள்வி: ஒரு வருஷத்தில் எத்தனை குழுக்களின் பயணத்தை நீங்கள் ஏற்பாடு செய்கிறீர்கள்? அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். வேளாங்கண்ணி, மேல்மருவத்தூர், சபரிமலை, சமயபுரம், பழனி, காதுகுத்து, மொட்டை, சீர் கொண்டுபோவது. பெண் பார்க்கப் போகிறவர்களையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். "அவனுங்கதான் முப்பது பேர் வர்றானுங்க. சேரு."

கூட்டினால் முந்நூற்று நாற்பது. ஒன்றுகூடப் பொய் இல்லை.

பதவி என்ற இடத்தில் அக்காவுக்கு உரிமையாளர் என்று போட்டேன். எனக்கு ஜெனரல் மேனேஜர். அக்கா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

தேர்வாகிவிட்டோம்! "மிக முக்கியமான வாங்குபவர்" என்று பதில். அக்கா அதை ஃபிரேம் போடலாமா என்கிறார்.

ஜூலை 24, வியாழன். சென்னை

நாலு வண்டியும் வாடகைக்குப் போய்விட்டதால் டிராவல்ஸ் ஓனரும் ஜெனரல் மேனேஜரும் பெரம்பலூரிலிருந்து கவர்மென்ட் பஸ்ஸில் வந்து கிளாம்பாக்கத்தில் இறங்கினோம்.

ஹோட்டல் வாசலில் கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். எங்களுக்குத் தங்கக் கலர் நாடா. அக்கா தாலிக்கொடிக்கு மேலே எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் என் அட்டையைப் படித்தார், எழுத்துக்கூட்டி. "ஜெ-ன-ரல்... ஏய்!" நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

மணி என்றால் பள்ளிக்கூட மணி மாதிரியேதான். வாங்குகிறவர்கள் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். விற்கிறவர்கள் எதிரே வந்து எட்டு நிமிஷம் பேச வேண்டும். மணி அடித்தால் அடுத்தவர். ரெண்டு நாளில் பதினாலு பேர். ஒருவரை விட்டாலும் ரூம் செலவு நம் தலையில். எழுந்து ஓடவே முடியாது.

முதலில் துபாயிலிருந்து ஒரு அம்மா, பாலைவனத்தில் கூடாரம், ஒட்டகம் எல்லாம் படம் காட்டினார். அக்கா தமிழிலேயே, "துபாயா? எங்க லப்பைக்குடிக்காட்டுல வூட்டுக்கு ஒருத்தர் அங்கதான் இருக்காங்க. எங்களுக்கு அது பக்கத்துத் தெரு. வேற எதாச்சும் காட்டச் சொல்லுடி" என்றார். நான் அதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? "வெரி நைஸ்" என்றேன்.

ராஜஸ்தான் அரண்மனை ஹோட்டல்காரர் மீசையைப் பார்த்ததும் அக்காவுக்கு மரியாதை வந்துவிட்டது. முந்நூற்று நாற்பது குழு என்றதும் அவருக்கும் எங்கள்மேல் மரியாதை. அக்கா கேட்டது ஒரே கேள்வி: "ஆடு வெட்ட இடம் இருக்கா? பந்தி போட?" நான் அதையும் வெரி நைஸ் ஆக்கிவிட்டேன்.

கொச்சி ஹோட்டல்காரரிடம்தான் வேடிக்கை. அக்கா தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். நான் வெட்கத்தில் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பத்து ரூம் எடுத்தால் ஒன்று இலவசம் என்றார். நான் பேசவில்லை. ரெண்டு என்றார். எனக்கு இன்னும் வார்த்தை வரவில்லை. மணி அடித்தபோது அவர் மூன்றுக்கு வந்திருந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மேடம் ரொம்ப டஃப்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரிப்பெல்லாம் மத்தியானத்தோடு சரி. வரவேற்பு மேசையில் நந்தினி என்று ஒரு பெண் இருந்தாள். முத்தமிழ்செல்வன் சாரைப் பார்க்க நேரம் வேண்டும் என்று அக்கா அவளிடம் கேட்டார். அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள்.

"மேடம், அவரும் வாங்குறவரு, நீங்களும் வாங்குறவங்க. உங்களுக்குள்ள நேரம் கிடையாது. விக்கிறவங்களா வந்திருந்தா எட்டு நிமிஷம் கெடச்சிருக்குமே."

அக்கா என்னைப் பார்த்தார். நீங்கதான் வாங்குறவங்கன்னு போடச் சொன்னீங்க— வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. இதுக்கா வந்தோம்? ஒட்டகம் பாக்கவா வந்தோம்? அழுதிருப்பேன், ஆனால் அதற்குள் மணி அடித்துவிட்டது. ஒரு பேனா கம்பெனிக்காரர் வந்து உட்கார்ந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா தட்டோடு சாரைத் துரத்தினார். சாரைச் சுற்றி ஆறு பேர். அக்கா எட்டிப் பார்த்து, "சார், நான் சிந்தாமணி, பெரம்பலூர்—" என்றார். "வணக்கம் வணக்கம், மெயில் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே சார் மறைந்தார்.

தட்டில் இருந்த கேக்கை அக்கா அப்படியே என் தட்டில் வைத்துவிட்டார். அக்கா கேக்கை விட்டு நான் பார்த்ததில்லை.

ஜூலை 25, வெள்ளி. திரும்பி வருகிற பஸ்ஸில்

பஸ் ஆட்டத்தில் எழுத்து கோணலாக வருகிறது. ஆனால் இப்போதே எழுதாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

இன்று காலை எங்களுக்கு ஒன்பதாவதாக வந்தவர் யார் தெரியுமா? அந்த ஆப் கம்பெனி. எங்களுக்கே விற்க வந்திருக்கிறது! பெனடிக்ட் என்று கோட் போட்ட ஒருவர், தமிழர். அக்கா அப்போது மேசையில் இல்லை. "ஆம்பளைங்க பாத்ரூம் வாசல்ல நின்னா அந்த ஆளு எப்படியும் வந்துதான ஆகணும்?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன்.

பெனடிக்ட் சார் போனை என் பக்கம் திருப்பினார். "உங்க ஊரப் போட்டுப் பாருங்க மேடம்."

பேச வேண்டாமே என்று சந்தோஷமாக இருந்தது. அரியலூர் ஸ்டேஷன், ஆறு பேர், இப்போதே என்று அடித்தேன். சக்கரம் சுற்றியது. திருச்சியிலிருந்து கார் வரும், ஒரு மணி ஐம்பது நிமிஷம் என்று காட்டியது.

இன்னொரு தடவை அடித்தேன், பெரம்பலூர் என்று. மறுபடியும் திருச்சி. குறும்பு ஏறிவிட்டது எனக்கு. பூலாம்பாடி என்று அடித்தேன். இந்த ஊருக்கு இன்னும் சேவை இல்லை, மன்னிக்கவும் என்றது.

"போகப் போகச் சரியாயிடும் மேடம்" என்று அவர் போனை மெல்ல வாங்கிக்கொண்டார். "சரி, நீங்க இப்ப எப்படிப் பாத்துக்கிறீங்க?"

அதைச் சொல்ல வேண்டுமென்றால் வாய் திறக்க வேண்டும். அதனால் என் போனில் எங்கள் டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து நீட்டிவிட்டேன்.

யார் வந்தாலும், அவரைக் கொண்டுபோய் விட்டதும் டிரைவர் என்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் அதைக் குரூப்பில் எழுதி வைப்பேன். அடுத்த தடவை எந்த டிரைவர் போனாலும் அதைப் படித்துவிட்டுத்தான் வண்டி எடுக்க வேண்டும். பேசுவதற்குப் பயந்து நானே கண்டுபிடித்த வழி.

பெனடிக்ட் சார் சத்தமாகப் படித்தார்.

"மெஹ்தா சார், பூண்டு கூடாது, ஹோட்டலில் முன்கூட்டியே சொல். ஆடிட்டர் சுப்பிரமணியம் சார், டிரைவர் பேசக் கூடாது. ஆடிட்டர் ராகவன் சார், டிரைவர் பேசாவிட்டால் அழுதுவிடுவார். இவர்கள் இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றாதே." அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காலையில் ஃபேக்டரி ரோட்டில் போவதென்றால் பள்ளிக்கூட நேரம் பார்த்துப் போ, அப்போது கல் லாரியை ஓட விட மாட்டார்கள், ரோடு காலி." மேலே தள்ளிக்கொண்டே போனார். "முத்தமிழ் சார், சுகர் இருக்கிறது. 'டீ குடிக்கலாமா' என்றால் டீ இல்லை, பால்கோவா. ஒன்றுக்கு மேல் கொடுக்காதே. வீட்டம்மாவிடமிருந்து போன் வந்தால் ஏ.சி. காற்றைக் கூட்டு. பொட்டலம் பிரிக்கிற சத்தம் கேட்கக் கூடாது."

"அப்புறம்?" என்றது ஒரு குரல், என் முதுகுக்குப் பின்னால்.

முத்தமிழ்செல்வன் சார்! பெனடிக்ட் சாருக்கு அடுத்த பேச்சு அவரோடுதானாம். தன் மேசைக்குப் போகிற வழியில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பின்னால் நின்றிருக்கிறார். அக்கா அங்கே பாத்ரூம் வாசலில் நிற்கிறார், இவர் இங்கே நிற்கிறார்.

"இத எழுதுனது யாரு?"

பள்ளிக்கூடத்தில் மாதிரி கையைத் தூக்கினேன். எழுந்தும் நின்றுவிட்டேன். செத்தேன். ஆபீசும் போச்சு, நானும் போனேன், திருப்பூர்தான், மாதாவே.

சார் போனை வாங்கித் தன் வரியைத் தானே படித்தார். காது சிவந்தது. சுற்றும்முற்றும் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "எங்க ஜி.எம்.முக்கு என்னம்மா எழுதியிருக்க?" என்றார்.

காட்டினேன். 'ரிவர்ஸ் எடுக்கும்போது அவரே இறங்கி நின்று வா வா என்பார். தலையாட்டு. கேட்காதே.'

சார் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். "போன மாசம்தான் அவர் சொன்னதக் கேட்டு ஒருத்தன் சுவத்துல இடிச்சான்" என்றார்.

பெனடிக்ட் சார் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார். "மேடம், இந்த லிஸ்ட்டை எங்களுக்குத் தர முடியுமா? ஆப்ல ஏத்திடலாம்."

இங்கேதான், எப்படி வந்ததோ, எனக்குப் பேச்சு வந்தது.

"குடுத்தா எப்படிங்க? அடுத்த வாரம் மாறிடும். மெஹ்தா சார் போன மாசம் வரைக்கும் பூண்டு சாப்பிட்டாங்க."

அவ்வளவுதான் பேசினேன். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சார் மெதுவாகச் சொன்னார்: "ஆப் மேலிடத்து முடிவு பெனடிக்ட், அதுல நான் கை வைக்க முடியாது. ஆனா உள்ளூர்ல வண்டி யாரு பாத்துக்கிறதுன்னு இன்னும் எழுதலை இல்ல?" மணி அடித்தது. எழும்போது என்னிடம், "என் வரிய மட்டும் அழிச்சிடும்மா" என்றார்.

அங்கேயே அழித்துவிட்டேன். டைரியில் இருப்பது வேறு.

அக்கா அரை மணி கழித்து வந்தார். "யார் யாரோ வந்தானுங்க, அந்த ஆளு மட்டும் வரலடி" என்றார். அது வேறு மாடிப் பாத்ரூமாம்.

ஜூலை 26, சனி

நடந்ததைக் கேட்டு அக்கா முதலில் சிரித்தார். அப்புறம் யோசித்தார். அப்புறம் திட்டினார். "அந்தாளப் பத்தி எழுதுனத அந்தாள்ட்டயே காட்டுவியா? யாருடி செய்வா?"

அமாவாசை அண்ணன் மட்டும், "நம்ம ஜி.எம். சொன்னா கேட்டுக்கணும்க்கா" என்றார். அடி வாங்கினார்.

மாநாட்டில் இலவசமாகக் கிடைத்த பதினோரு துணிப்பையையும் அக்கா டிரைவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒட்டகம் போட்ட பையில் சின்ன வெங்காயம் வாங்கி வந்திருக்கிறார் அண்ணன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. நாலு வண்டியும் காவிரிக்குப் போய்விட்டது. மெயில் ஒன்றும் வரவில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை பார்க்கிறேன்.

அம்மா புது வாளி வாங்கி வந்திருக்கிறாள். ஹாஸ்டலுக்கு வாளி கொண்டுவர வேண்டுமாம். வாளியைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டிருக்கிறேன். சின்ன வீடு. எங்கே திரும்பினாலும் வாளி.

ஆகஸ்ட் 13, புதன்

வந்துவிட்டது!!

ரெண்டு பக்கம் ஆங்கிலம். அக்கா இந்தத் தடவை கண்ணாடி தேடவில்லை, நேராக என்னிடம் கொடுத்துவிட்டார். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஆப்புக்கு உள்ளூர் வண்டி சிந்தாமணி டிராவல்ஸ். ஃபேக்டரி ஆட்கள் இனி ஆப்பில்தான் கேட்பார்கள். அது எங்களுக்கு வரும். அதே ஆட்கள், அதே வண்டி. நடுவில் பெங்களூர் வரைக்கும் ஒரு சுற்று.

"தலையச் சுத்தி மூக்கத் தொடுறானுங்க" என்றார் அக்கா. ஆனால் அமாவாசை அண்ணனை அனுப்பி எல்லோருக்கும் பரோட்டா வாங்கிவரச் சொன்னார்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆப்பில் உதவி என்று ஒரு பட்டன். அதை அமுக்கினால் உள்ளூரில் ஒருவர் போனை எடுத்துப் பேச வேண்டும். செய்தி அனுப்பினால் போதாதாம், பேச வேண்டுமாம். ஒரு நம்பர் கேட்டிருந்தார்கள்.

அக்கா என் நம்பரைக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை. கேட்டதற்கு, "நீ ஜி.எம்.முன்னு போட்டுக்கிட்டப்ப என்னைக் கேட்டியா?" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். "முதல்ல ஒண்ணாந்தேதி வரட்டும்" என்றாள். வைரக்கண்ணு மாமாவிடம் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

காலை பத்தேகாலுக்கு முதல் போன். எடுத்தேன். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், "உங்களை எங்கள் உள்ளூர் அதிகாரியிடம் இணைக்கிறோம், காத்திருக்கவும்" என்றது. நானும் மரியாதையாகக் காத்திருந்தேன். பாட்டு ஓடியது. பாட்டு நின்றது. யாரும் பேசவில்லை. அந்த அதிகாரி ஏன் இப்படி லேட் பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. அதிகாரி நான்.

அந்தப் பக்கம் மெஹ்தா சார். அரியலூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டு ஹலோ ஹலோ என்கிறார். "சார், வெளிய வெள்ளை வண்டி, அமாவாசை" என்றேன். "பூண்டு இல்ல சார்" என்றும் சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன்? தெரியவில்லை. சார் சிரித்தது மட்டும் கேட்டது.

செப்டம்பர் 5, வெள்ளி

வேளாங்கண்ணி திருவிழாக் கூட்டம். எழுத நேரமில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்றோடு திருவிழா முடிந்தது. இன்று எனக்கு லீவு. தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே உட்கார்ந்து முடி காய வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் வைரக்கண்ணு மாமாவின் குரல்.

"நாளைக்கு வேன் கெளம்புது தங்கச்சி. ஒரு சீட்டு இருக்கு. புள்ள எங்க?"

அம்மா மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். உதிர்க்கிற சத்தம் நின்றது.

"அவ ஆபீஸ் போயிருக்காண்ணே."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே நேரத்தில் என் போன் அடிக்கிறது! உதவிப் பட்டன். எடுத்துத் தலையணைக்கு அடியில் திணித்து மேலே உட்கார்ந்துகொண்டேன். அது அடியில் கிடந்து உறுமியது.

"உள்ள என்ன சத்தம்?"

"எலிண்ணே. பெருசா ஒண்ணு திரியுது."

மாமா விடவில்லை. "மூணு வருசம் கழிச்சு மொத்தமா ஒரு தொகை குடுக்குறாங்க, யோசிச்சுக்க" என்றார். அம்மா, "யோசிச்சிட்டோம்ண்ணே. அவளுக்கு இங்கயே வேலை சரியா இருக்கு" என்றாள். வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

போன் மறுபடியும் அடித்தது. அம்மா உள்ளே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஃபேனை நிறுத்தினாள். தெரு இரைச்சல் கேட்காமல் கதவைச் சாத்தினாள்.

"ம். இப்பப் பேசு."